இணைய விளம்பரத்தில் பழைய சைக்கிள்: படத்தை வைத்துத் தரத்தை எவ்வளவு தூரம் அறியலாம்?

பாளைவாசி:

அனைவருக்கும் வணக்கம். பெருமாள்புரத்திலிருந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளிக்கும் மாலை வகுப்புக்கும் சென்று வர ஒரு சைக்கிள் தேவைப்படுகிறது. புதியது வாங்க இந்த ஆண்டு கையில் பணம் இல்லை என்பதால், ஒரு மாதமாக இணைய விளம்பரங்களைப் பார்த்து மூன்று வண்டிகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் வண்டி உவரியில் இருக்கிறது. கூடை வைத்த பெண்கள் சைக்கிள். படத்தில் கண்ணாடிபோல் மின்னுகிறது. விலை 3,500 ரூபாய். இரண்டாவது இலஞ்சியில் இருக்கும் 21 கியர் சைக்கிள். அலுமினிய ஃபிரேம் என்றும் இரண்டு மாதம் மட்டுமே ஓட்டியது என்றும் எழுதியிருக்கிறார்கள். 6,000 ரூபாய் கேட்கிறார்கள். மூன்றாவது சிந்துபூந்துறையில், புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த சாதாரண சைக்கிள், 2,200 ரூபாய்.

மூன்று ஊருக்கும் அலைய என்னால் இயலாது. பேருந்து ஏறுவதற்கு முன்பே, விளம்பரத்தையும் படத்தையும் வைத்து எதைத் தள்ளலாம், விற்பவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அம்பை சைக்கிள் கடை:

அம்மா, அம்பாசமுத்திரத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் சைக்கிள் கடை வைத்திருந்தேன். இப்போது மகன் கவனித்துக்கொள்கிறான். நீங்கள் கேட்டிருப்பது பலருக்கும் பயன்படும் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய சைக்கிளில் குறைகள் இரண்டு வகைப்படும். ஒன்று, விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய குறை. மற்றொன்று, பேரம் பேசாமலே திரும்பிவிட வேண்டிய குறை. டயர், டியூப், செயின், ஃப்ரீவீல் (பின் சக்கரத்தின் பல்சக்கரம்), பிரேக் கட்டை, பெடல், சீட் எல்லாம் முதல் வகை. இவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை; எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் இரண்டாம் வகை. ஆனால் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் டயர் தேய்ந்த நல்ல வண்டியை ஒதுக்கிவிட்டு, முன்புறம் எங்கோ மோதி ஃபோர்க் உள்வாங்கிய வண்டியைப் பளபளப்புக்காக வாங்கி வருகிறார்கள். அப்படி வாங்கியவர்கள் ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று என் கடைக்கு வரும்போது, ஹேண்டிலில் எந்தக் குறையும் இல்லை என்று அவர்களுக்குப் புரியவைப்பதே பெரும்பாடாக இருக்கும்.

ஃபோர்க் கோணலைப் படத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வண்டியின் பக்கவாட்டுப் படத்தில், ஹேண்டில் நுழையும் முன் குழாயின் சாய்வை ஓர் அளவுகோலால் கீழ்நோக்கி நீட்டிப் பாருங்கள். சாதாரண சைக்கிளில் ஃபோர்க்கின் கால்கள் அந்தக் கோட்டிலேயே இறங்கி, அடியில் மட்டும் முன்னோக்கி வளைய வேண்டும். தொடக்கத்திலேயே கோட்டை விட்டுப் பின்னால் ஒதுங்கியிருந்தால் அந்த வண்டி எதன்மீதோ நேராக மோதியிருக்கிறது. முன் சக்கரத்துக்கும், முன் குழாயிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் சாய்வுக் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி வழக்கத்தைவிட ஒடுங்கியிருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்லும். ஒரு எச்சரிக்கை: கைப்பேசியை அருகில் வைத்து எடுத்த படத்தில் ஓரங்கள் தாமாகவே வளைந்து தெரியும். ஆகவே பத்தடி தள்ளி நின்று, கைப்பேசியைச் சக்கரத்தின் அச்சு உயரத்துக்குத் தாழ்த்தி எடுத்த படத்தைக் கேளுங்கள்.

அந்தப் படம் வலப்பக்கத்தைக் காட்ட வேண்டும். செயின், பல்சக்கரம், ஃப்ரீவீல், கியர் எல்லாம் வலப்பக்கத்தில்தான் இருக்கின்றன. விளம்பரத்தில் நான்கு படங்கள் இருந்தும் நான்கும் இடப்பக்கத்தைக் காட்டினால், காட்ட விரும்பாதது எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது என்றே நான் கொள்வேன். உங்கள் இலஞ்சி வண்டியின் படங்கள் எந்தப் பக்கத்தைக் காட்டுகின்றன என்று பாருங்கள்.

இன்னொரு படமும் கேளுங்கள். முன் குழாயும், அங்கிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் சாய்வுக் குழாயும் சேருமிடத்தின் அடிப்பகுதியை நெருக்கமாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். மோதிய வண்டியில் அங்கே பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கும். கீறலா வெடிப்பா என்ற ஐயம் எழுந்தால், நேரில் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்; வெடிப்பு நகத்தைப் பிடிக்கும், இரும்பு ஃபிரேமானால் அதன் ஓரத்தில் துருக்கோடும் ஓடியிருக்கும். இரும்பு ஃபிரேமைப் பித்தளை ஒட்டு வைத்துச் சரிசெய்து ஓட்டியவர்கள் உண்டு. அலுமினியத்தில் அந்த இடத்தில் வெடிப்பு என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். பற்றவைத்தாலும் பழைய உறுதி திரும்பாது, ஓட்டப்போவது ஒரு குழந்தை.

வைகுண்டத்தான்:

அண்ணாச்சி சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இதில் நான் பணத்தை இழந்தவன்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்தது. தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி சந்திப்புப் பகுதியிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வரை வீடுகளுக்குள் புகுந்தது. அந்த வீடுகளில் சைக்கிள்களும் இருந்தன. வடிந்த பிறகு கழுவித் துடைத்து, சில மாதங்கள் கழித்துப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு வந்த ஒரு வண்டியை 2024-இல் நான் வாங்கினேன். விற்றவர் வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாம் மாதத்தில் பெடல் அச்சு கறகறவென்றது. பிரித்தபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த வண்டலும், குழி விழுந்த பால்ரஸ் குண்டுகளும் இருந்தன. அவற்றை மாற்றியாயிற்று. ஆனால் ஃபிரேமின் குழாய்க்குள் தேங்கிய நீர் உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருந்ததை எவரும் பார்க்கவில்லை. சீட் குழாயின் அடி ஒருநாள் விட்டுப்போயிற்று.

சிந்துபூந்துறை ஆற்றங்கரை என்பதாலேயே அந்த மூன்றாம் வண்டியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆற்றங்கரை ஊரும் புதுப் பெயிண்ட்டும் சேர்ந்து வந்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று நேரடியாகக் கேளுங்கள். நேரில் பார்க்க நேர்ந்தால் சீட்டைத் தண்டோடு வெளியே உருவச் சொல்லுங்கள். தண்டின் அடிப்பகுதியில் செம்மண் நிறத் துரு பொருக்காக ஒட்டியிருக்கிறதா, குழாயினுள் டார்ச் அடித்தால் வண்டல் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு முறை தட்டுங்கள். துருத்தூள் சொரசொரவென்று உருளும் ஓசை கேட்டால் கிளம்பிவிடுங்கள். சீட்டின் அடியிலுள்ள சுருள்களின் இடுக்கிலும், செயின் கவரின் உள்மடிப்பிலும் எவ்வளவு கழுவினாலும் மண் தங்கியிருக்கும். பெயிண்ட் அடிப்பவர் அங்கெல்லாம் கைவைப்பதில்லை.

சாரல்காற்று:

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். வைகுண்டத்து நண்பரின் அனுபவம் வருத்தம் தருகிறது. அவர் சொல்வதிலிருந்து நான் பொதுவாகவே கடைப்பிடிக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன்: விளம்பரத்தில் நான் முதலில் பார்ப்பது விலையை அன்று, ஊரை.

உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டியில் உப்புக் காற்று வேலை செய்திருக்கும். குரோம் பூச்சு தொலைவிலிருந்து மின்னும். நெருங்கினால் ஊசிமுனை அளவில் கொப்புளங்கள் தெரியும். ரிம்மில் ஸ்போக் கம்பி நுழையும் திருகுகளைச் சுற்றித் துருப் பிடித்திருந்தால், கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். பளபளப்பான அந்த முதல் வண்டிக்கு அந்த இடத்தின் நெருக்கப் படம் ஒன்று போதும். திசையன்விளைப் பக்கம் தேரி மணல் வேறு. மாவுபோன்ற அந்தச் செம்மணல் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளும் செயினுக்குள்ளும் புகுந்து, எண்ணெயோடு கலந்து அரத்தூளாக உராயும். எங்கள் பக்கத்தில் ஜூன் தொடங்கிச் சாரல் விழுகிறது. திண்ணையில் நிற்கும் வண்டியின் பிரேக் கம்பிகள் உறைக்குள்ளேயே துருவேறி இறுகிவிடும். அலுமினிய ஃபிரேமுக்குள் இரும்பு சீட் தண்டு ஒட்டிக்கொண்டு அசையாது. பாளையங்கோட்டையில் வெயில், துரு குறைவு, ஆனால் மாடியில் நின்ற வண்டியின் டயர் ஓரங்கள் பாளம்பாளமாக வெடித்திருக்கும். டயர் மாற்றக்கூடியது என்பதால், என் தேர்வு எப்போதும் வெயிலில் காய்ந்த வண்டிதான்.

கியர் வண்டியைப் பற்றி அண்ணாச்சி குறைவாகச் சொல்லியிருக்கிறார். வண்டியின் பின்னால் அமர்ந்து, பின் கியரின் இரண்டு சிறு பற்சக்கரங்களும் ஃப்ரீவீல் பற்களுக்கு நேர்க்கீழே ஒரே கோட்டில் தொங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடிமுனை சக்கரத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தால், வண்டி வலப்பக்கம் விழுந்து அந்தக் கியர் தொங்கும் காது வளைந்திருக்கிறது. சிறிய பல்லுக்கோ பெரிய பல்லுக்கோ மாற்றும்போது செயின் தாவும். மிக வளைந்திருந்தால் கியர் ஸ்போக்குக்குள் சிக்கிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். "கியர் சற்று ட்யூன் செய்ய வேண்டும்" என்று விளம்பரத்தில் படித்தால் நான் இதைத்தான் முதலில் ஐயப்படுவேன். பல வண்டிகளில் அந்தக் காது தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது. அப்படியானால் அது விலைக் குறைப்புக்குரிய குறை மட்டுமே.

பேட்டை மாணவன்:

அக்கா, சைக்கிளின் அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. விளம்பரத்தில் 26 இஞ்ச் என்று எழுதுவது சக்கரத்தின் அளவு. ஒரே 26 சக்கரத்தில் சிறிய ஃபிரேமும் உண்டு, பெரிய ஃபிரேமும் உண்டு. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல்முனை வரை டேப் வைத்து அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள். நேரில் பார்க்கும்போது தங்கை இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து வண்டிக்கு மேல் நின்றால், மேல் குழாய் உடம்பில் படாமல் இடைவெளி இருக்க வேண்டும். சீட் தண்டை உயர்த்திச் சமாளிக்கலாம் என்றால், தண்டு குழாய்க்குள் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று காட்ட அதில் பொறித்திருக்கும் கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது.

டயர் அளவிலும் ஏமாற வேண்டாம். 26 x 1⅜ என்பதும் 26 x 1.95 என்பதும் ஒரே 26 என்றாலும் ஒன்றின் டயர் மற்றொன்றின் ரிம்மில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் 590, 559 என்ற எண்களைப் பார்த்தால் குழப்பம் வராது.

விலையைப் பற்றியும் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள் மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விற்பவர் தாம் அன்று கொடுத்த விலையிலிருந்து கழித்துச் சொல்கிறார். நீங்கள் இன்றைய புதிய விலையைக் கடையில் விசாரித்து அதிலிருந்து கழித்துக் கேளுங்கள். முன்பணம் மட்டும் எவருக்கும் அனுப்பாதீர்கள். தாம் படையில் பணிபுரிவதாகவும், வண்டியைப் பார்சலில் அனுப்புவதாகவும், முதலில் சிறுதொகை கட்டுமாறும் கேட்பவர்களிடம் வண்டியே இருப்பதில்லை. அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

பாளைவாசி:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி மூவரிடமும் படங்கள் கேட்டேன்.

உவரிக்காரர் ரிம்மின் நெருக்கப் படத்தை அனுப்பினார். திருகுகளைச் சுற்றி நன்றாகவே துரு தெரிகிறது. சில கம்பிகள் ஏற்கெனவே மாற்றப்பட்டவை. சிந்துபூந்துறைக்காரரிடம் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கேட்டேன். "வீட்டுக்குள் தண்ணீர் வந்தது உண்மைதான், ஆனால் வண்டியைக் கழுவிவிட்டோம்" என்றார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி கூறி விலகிக்கொண்டேன்.

இலஞ்சி வண்டியின் விளம்பரப் படங்கள் மூன்றும், அண்ணாச்சி சொன்னதுபோல், இடப்பக்கத்தையே காட்டின. கேட்டதும் வலப்பக்கப் படமும், பின்பக்கப் படமும், முன் குழாயின் அடிப்படமும் அனுப்பினார்கள். முன் குழாயில் ஒரு குறையும் தெரியவில்லை. ஃபோர்க்கின் கால்களும் குழாயின் சாய்வுக்கு இணையாகவே இறங்குகின்றன. ஆனால் பின் கியரின் முனை உட்பக்கம் சாய்ந்திருக்கிறது. பெடலின் ரப்பரும் கைப்பிடியும் தேய்ந்திருக்கின்றன. இரண்டு மாதத்தில் இப்படித் தேயுமா?

வைகுண்டத்தான்:

தேயாது, அக்கா. புதிய டயரின் மேல் மயிர்போன்ற ரப்பர் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மாதம் ஓட்டிய வண்டியில் ஓரங்களிலாவது அவை எஞ்சியிருக்க வேண்டும். காலத்தைப் பொய்யாகச் சொல்கிறவர் வேறு எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாரோ? திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

சாரல்காற்று:

நண்பரின் அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் இங்கே அவர் அவசரப்படுகிறார் என்று நினைக்கிறேன். பல விளம்பரங்களை வண்டியை ஓட்டியவர் எழுதுவதில்லை. வீட்டில் கைப்பேசி பழகிய வேறொருவர் எழுதுகிறார். கேட்டவுடன் குறை தெரியும் படத்தையே அனுப்பியவரை, அதற்குள் பொய்யர் என்று தள்ள வேண்டாம். கடை பில்லைக் கேளுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். அதன் படத்தையும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் திருட்டு என்ற கேள்வி நீங்கும், வயது எவ்வளவு என்பதையும் பில்லே சொல்லிவிடும். எண்ணை ராவி அழித்திருந்தாலோ, அதன்மேல் மட்டும் பெயிண்ட் அப்பியிருந்தாலோ, நண்பர் சொல்வதே சரி.

அம்பை சைக்கிள் கடை:

தென்காசித் தம்பி சொல்வதையே நானும் சொல்கிறேன். அம்மா, பில் சரியாக இருந்தால் போய்ப் பாருங்கள். போகும்போது ஓர் இரும்பு ஸ்கேலும் பத்தடி நூலும் எடுத்துச் செல்லுங்கள்.

ஸ்கேல் செயினுக்கு. செயினின் ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தை வைத்தால், அதிலிருந்து இருபத்து நான்காவது ஆணியின் நடு, புதிய செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் ஃப்ரீவீல் பற்களும் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும். மாற்றுச் செலவு முழுவதையும் அங்கேயே கணக்கிட்டு விலையில் கழித்துக் கேளுங்கள்.

நூல் ஃபிரேமுக்கு. பின் அச்சு அமரும் ஒரு பக்கத்துக் காதில் நூலைக் கட்டி, முன் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்துக் காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு பெரிதன்று. நான்கு, ஐந்து என்றால் ஃபிரேம் கோணல், எந்த விலைக்கும் வேண்டாம். நூல் கட்ட விற்பவர் தயங்கினால் வேறு வழியும் உண்டு. சிமென்ட் தரையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அதன்மீது நேராக ஓட்டிச் செல்லச் சொல்லுங்கள். காய்ந்த தரையில் முன் சக்கரத் தடமும் பின் சக்கரத் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும்.

கடைசியாக, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். சமதரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். என் கடைக்கு வரும் திருநெல்வேலிக்காரர்களிடம், பழைய வண்டி வாங்குமுன் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஒரு முறை ஏற்றி இறக்குங்கள் என்பேன். ஏறும்போது ஃப்ரீவீல் வழுக்குவதும் பெடல் அச்சு ஆடுவதும் தெரியும். இறங்கும்போது பிரேக்கின் உண்மை தெரியும். இலஞ்சியில் அதற்குக் குற்றாலம் செல்லும் சாலையே போதும்.

பாளைவாசி:

ஞாயிறன்று மகளையும் அழைத்துக்கொண்டு இலஞ்சிக்குச் சென்றோம். பில் 2022 ஆகஸ்ட் மாதத்தது. ஃபிரேம் எண் பொருந்துகிறது. வண்டியை வாங்கியவர் அந்த வீட்டின் மூத்த மகன். அவர் வேலைக்காகச் சென்னை சென்ற பிறகு தம்பி இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். விளம்பரம் எழுதியது அந்தத் தம்பி. அவருக்குத் தெரிந்த இரண்டு மாதத்தை எழுதியிருக்கிறார்.

நூல் கட்டியபோது அந்த வீட்டுப் பெரியவர் தாமே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இரு பக்கமும் ஏறக்குறைய சமம். செயின் 12 அங்குலத்துக்கு மேல் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தது. ஸ்கேலைக் காட்டினேன், அவர்களும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். கியர் தொங்கும் காது கழற்றக்கூடியது. சீட் தண்டு அசையவில்லை. எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்து திருகியபோது வந்தது. மகள் மேல் நின்று பார்த்தாள், ஏறி ஓட்டியும் பார்த்தாள். செயின், ஃப்ரீவீல், காது, பிரேக் கம்பிகள் ஆகியவற்றின் செலவைச் சொல்லி 4,000 ரூபாய்க்கு முடித்தோம். விற்பவர் கையால் எழுதிய ரசீதும், பழைய பில்லும் வாங்கிக்கொண்டேன். பாளையங்கோட்டைக் கடையில் வேலை முடிய 1,450 ரூபாய் ஆயிற்று.

ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. பின் சக்கரத்தில் மிகச் சிறிய கோட்டம் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். இப்போதே எடுக்க வேண்டுமா?

அம்பை சைக்கிள் கடை:

மகிழ்ச்சி, அம்மா. பிரேக் கட்டையில் உரசாத கோட்டம் என்றால் இப்போது எடுக்க வேண்டாம்; மகள் ஒரு வாரம் ஓட்டட்டும். பிறகு கடைக்குக் கொண்டுபோய், கோட்டம் எடுக்கும்போதே எல்லா ஸ்போக் கம்பிகளையும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த கம்பி இருந்தால் அதுதான் காரணம். பெடல் தண்டுகளை அச்சில் பிடித்திருக்கும் கிராங்க் நட்டுகள் இரண்டையும் அதே நாளில் இறுக்கிக்கொள்ளுங்கள்; வண்டியைப் பிரித்து மாட்டிய முதல் வாரத்தில் அவை தளர்வதுண்டு.